பழைய மானிட்டரில் படம் ஏன் கோணுகிறது?

போன மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மண்டிக் கணக்கர் கிருஷ்ணகிரியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். டிவிஎஸ் 50இல் கால் வைக்கும் இடத்தில் போர்வையால் சுற்றிய மானிட்டர். "தம்பி, இது போயிடுச்சு. எழுத்தெல்லாம் குண்டு குண்டா தெரியுது. ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவுல புள்ளி இருக்கா இல்லையான்னே தெரியல" என்றார்.

கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். பளிச்சென்று தெரிந்தது. ராத்திரி முழுக்க அழுத குழந்தை டாக்டர் வாசலில் சிரித்து விளையாடும்போது பெற்றவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி நின்றார் அவர். காசு வாங்காமல் அனுப்பினேன். சாயங்காலம் போன்: "தம்பி, மறுபடியும் அதேதான்."

"மானிட்டர் போயிடுச்சு" என்பது எங்கள் பக்கத்தில் ஏழெட்டுக் கோளாறுகளுக்குப் பொதுப்பெயர். படம் நீண்டாலும், நகர்ந்தாலும், மஞ்சளித்தாலும், நடுங்கினாலும், கோடு விழுந்தாலும் இதே சொல்தான். கோளாறு மானிட்டரில் தெரிகிறது, அதனால் கோளாறே மானிட்டர்தான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். என் அனுபவத்தில் கோணலாகக் காட்டுகிறது என்று தூக்கி வரும் மானிட்டர்களில் பெரும்பாலானவை நல்ல மானிட்டர்கள்.

படம் நடந்து வரும் வழி

படம் திரையில் பிறப்பதில்லை. கம்ப்யூட்டருக்குள் கிராஃபிக்ஸ் என்ற பகுதி அதைத் தயாரிக்கிறது. சிலவற்றில் தனி அட்டையாக இருக்கும், பலவற்றில் பிராசசருக்குள்ளேயே இருக்கும். அங்கிருந்து கேபிள் வழியாகப் படம் வெளியே வருகிறது. மானிட்டர் அதை வாங்கித் திரையில் பரப்புகிறது. இந்த மூன்று கட்டத்தில் எங்கே பிசகினாலும் நமக்குத் தெரிவது கடைசிக் கட்டத்தில்தான். தெருக்குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தால் குழாயைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போவோமா? மானிட்டருக்கு மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

விதைத்த காடும் குழி வெட்டிய தோப்பும்

பழைய மானிட்டர் என்றால் இரண்டு வகை. பின்னால் பெரிய முதுகு வைத்த கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதற்கு அப்புறம் வந்த தட்டையான எல்சிடி இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிக் கோளாறு தானாகவே புரியும்.

பெட்டி மானிட்டர் ராகி விதைத்த காடு மாதிரி. கையால் தூவும்போது நெருக்கியும் தூவலாம், தள்ளித் தள்ளியும் தூவலாம்; நிலம் எதற்கும் இடம் கொடுக்கும். உள்ளே ஒரு எலக்ட்ரான் கற்றை, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரிவரியாகத் திரையின் உள்பூச்சைத் தொட்டு ஒளிரவைக்கிறது. வரியின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது பாட்டுக்கு வரைந்துவிடும்.

எல்சிடி அப்படியில்லை. அது மாந்தோப்பு. கன்று வருவதற்கு முன்பே குழி வெட்டியாகிவிட்டது. ஒவ்வொரு குழியும் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஆகச் சிறிய புள்ளி. மண்டிக் கணக்கரின் மானிட்டரில் ஒரு வரிசைக்கு 1366 குழி, அப்படி 768 வரிசை. 15 அங்குலச் சதுர மானிட்டர்களில் பெரும்பாலும் 1024, 768. 17 அங்குலத்தில் 1280, 1024. தொழிற்சாலையில் வெட்டிய இந்தக் குழிக் கணக்குக்கு இயல்பு ரெசல்யூஷன் என்று பெயர். இரண்டு குழிக்கு நடுவில் கன்று நட முடியாது.

இப்போது கம்ப்யூட்டர் வரிசைக்கு 1024 கன்றுதான் அனுப்புகிறது என்று வையுங்கள். தோப்பிலோ 1366 குழி. குழியைக் காலியாக விடாமல் மானிட்டர் மூன்று கன்றை நான்கு குழிக்குப் பிரித்து நடுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கன்றுகளைக் கலந்து ஒரு கலப்புக் கன்றை உண்டாக்கித்தான் இதைச் செய்ய முடியும். கறுப்பும் வெள்ளையும் கலந்தால் சாம்பல். எழுத்தின் ஓரம் புகைந்தாற்போல் தெரிவது அதனால்தான். வரிசை எண்ணிக்கை 768 அப்படியே இருப்பதால் உயரம் மாறாது, அகலம் மட்டும் கூடும். 9 சென்டிமீட்டர் உயர வட்டம் 12 சென்டிமீட்டர் அகல முட்டையாகிவிடும். கணக்கர் சொன்ன "குண்டு குண்டா" இதுதான்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. விண்டோஸில் பெயிண்ட் என்ற வரையும் மென்பொருளைத் திறந்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஒரு வட்டம் வரையுங்கள். திரைமேல் ஸ்கேல் வைத்து உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். சமமில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரெசல்யூஷன்.

அதைச் சரிசெய்ய, டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், ரெசல்யூஷன் பட்டியலில் "ரெக்கமெண்டட்" என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் சில சமயம் அந்தப் பட்டியலில் உங்கள் மானிட்டரின் எண்ணே இருக்காது. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, டிரைவர் இல்லை. கிராஃபிக்ஸ் பகுதியோடு விண்டோஸ் பேசுவதற்கான சிறு மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்ட பிறகு சரியான டிரைவர் ஏறாவிட்டால், "பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்ற பொதுவான டிரைவரை வைத்துக்கொண்டு விண்டோஸ் ஒப்பேற்றும். இன்னொன்று, மானிட்டர் தன் குழிக் கணக்கை எழுதிய சீட்டு ஒன்றைக் கேபிள் வழியாகவே கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. அந்தச் சீட்டு போக வேண்டிய கம்பி அறுந்திருந்தால் கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில் ஒரு எண்ணை வைத்துவிடும்.

இதுவரை பார்த்ததில் முக்கியமானது ஒன்றுதான்: எல்சிடிக்குக் குழி எண்ணிக்கை மாறாதது, அனுப்பும் எண்ணிக்கை அதோடு பொருந்தாவிட்டால் படம் நீளும், மங்கும். இதில் பழுது என்று எதுவுமே இல்லை.

கேபிளில் வருவது படம் அல்ல

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

இருபுறமும் திருகு வைத்த, பெரும்பாலும் நீல நிறத் தலை கொண்ட கேபிளுக்கு விஜிஏ என்று பெயர். ஐபிஎம் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த முறை. அன்றைக்கு மேசைமேல் இருந்தது பெட்டி மானிட்டர். ஆக, இந்தக் கேபிள் ராகிக் காட்டுக்காகப் பிறந்தது. பின்னால் வந்த மாந்தோப்புக்கும் அதையே மாட்டிவிட்டோம். பழைய எல்சிடியின் முக்கால்வாசித் தொல்லை இந்தப் பொருந்தாக் கல்யாணத்தில் வந்ததுதான்.

அந்தக் கேபிளில் "மூன்றாம் வரிசை, நூறாவது குழி, சிவப்பு" என்று யாரும் முகவரி சொல்லி அனுப்புவதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கம்பியில் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தம் மட்டும் இடைவிடாமல் வருகிறது. கூடவே இரண்டு அதட்டல்கள். "வரிசை முடிஞ்சது" என்று ஒன்று. "தோப்பு முடிஞ்சது, மறுபடி மேலேயிருந்து" என்று இன்னொன்று. இவற்றுக்கு ஒத்திசைவுத் துடிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஒருவர் வரப்பில் நின்று கன்றுகளை நிறுத்தாமல் வீசுகிறார். வரிசை முடிந்தால் ஒரு குரல் கொடுக்கிறார். எத்தனை வீசினேன், எந்த வேகத்தில் வீசினேன் என்று சொல்வதில்லை. நடுகிறவர் இரண்டு குரலுக்கு நடுவில் உள்ள நேரத்தை வைத்து, இத்தனை கன்றாக இருக்கும் என்று ஊகித்து, அந்த வேகத்தில் கை நீட்டிப் பிடிக்க வேண்டும். 1366 அகலத் திரையில், நொடிக்கு 60 முறை படம் மாறும்போது, பிடிக்க வேண்டிய வேகம் நொடிக்குச் சுமார் எட்டரைக் கோடி.

இந்த ஊகம் இரண்டு விதமாகத் தவறும்.

முதலாவது வேகம். ஒரு வரிசையின் மொத்த நேரத்தை, ஓரத்தில் விடும் மூச்சு நேரத்தையும் சேர்த்து, இந்தத் திரைக்கு வழக்கமாக 1792 துண்டாக வெட்ட வேண்டும். 1790 துண்டாக வெட்டிவிட்டால், வரிசை நெடுகச் சிறுகச் சிறுகப் பிசகி, இரண்டு இடத்தில் கன்று சரியாக இரண்டு குழிக்கு இடையே விழுந்து வீணாகும். திரையில் மேலிருந்து கீழாக இரண்டு மங்கல் பட்டைகள் தெரியும். எத்தனை துண்டு பிசகோ அத்தனை பட்டை. மானிட்டர் மெனுவில் இதைத் திருத்தும் இடத்துக்கு "கிளாக்" என்று பெயர்.

இரண்டாவது தருணம். வேகம் சரிதான், ஆனால் கன்று கைக்கு வந்து சேரும் முன்பே கை மூடிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியும் பழைய நிறத்திலிருந்து புதிய நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் நொடியில் அளக்கப்படுகிறது. அப்போது பட்டை வராது. எழுத்துகள் எல்லாம் லேசாக நடுங்கும், மினுமினுக்கும். இதைத் திருத்துவது "ஃபேஸ்".

இந்த இரண்டையும் மானிட்டரே செய்துகொள்வதற்குத்தான் முன்பக்கத்திலோ மெனுவிலோ "ஆட்டோ" என்று ஒன்று இருக்கிறது. அதை எல்லாரும் அழுத்துகிறார்கள், ஆனால் தப்பான நேரத்தில். படத்தின் வெளிச்சம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்துத்தான் ஆட்டோ ஓரத்தைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு வால்பேப்பர் இருக்கும்போது அழுத்தினால் அதற்கு ஓரமே தெரியாது. படத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிடும். எக்செல் தாள் மாதிரி வெள்ளையும் மெல்லிய கோடுகளுமாகத் திரை நிறைய இருக்கும் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு ஆட்டோவை அழுத்துங்கள். படம் இடதுபக்கம் வெட்டுப்படுவது, வலதுபக்கம் கறுப்புப் பட்டை தெரிவது, எழுத்து நடுங்குவது எல்லாம் பெரும்பாலும் அந்த ஐந்து நொடியில் சரியாகிவிடும்.

விஜிஏவுக்குப் பின்னால் வந்த, திருகு இல்லாத தட்டைத் தலை எச்டிஎம்ஐ கேபிளில் இந்தத் தொல்லையே இல்லை. வீசுகிற வேகத்துக்கான தாளமும் கூடவே வருகிறது, கன்றும் எண்ணாகவே வருகிறது. எச்டிஎம்ஐ போட்டால் ஆட்டோ வேலை செய்யவில்லை என்று ஒரு தம்பி புகார் சொன்னான். வேலை செய்ய அங்கே வேலையே இல்லை.

சுருக்கமாக: விஜிஏ கேபிள் வேகத்தைச் சொல்வதில்லை, மானிட்டர் ஊகிக்கிறது, ஊகம் தப்பினால் பட்டை, நடுக்கம், நகர்வு. வெள்ளைத் திரையில் ஆட்டோ அழுத்துவதுதான் முதல் மருந்து.

குற்றவாளி யார்?

ரெசல்யூஷனும் சரி, ஆட்டோவும் அழுத்தியாயிற்று, இன்னும் கோணல் என்றால், மூன்று கட்டத்தில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

மானிட்டரின் மெனு பட்டனை அழுத்துங்கள். வெளிச்சம், நிறம் என்று ஒரு சின்னக் கட்டம் வரும். இந்தக் கட்டத்தை வரைவது கம்ப்யூட்டர் அல்ல, மானிட்டரே. பின்னால் உள்ள படம் நடுங்கும்போதும் மெனுக் கட்டம் சுத்தமாக நின்றால் திரை நன்றாக இருக்கிறது. பிரச்சினை வந்து சேரும் வழியில். மெனுவும் சேர்ந்து கோணினால், அல்லது அதன் குறுக்கேயும் அதே கோடு ஓடினால், அப்போதுதான் மானிட்டரைச் சந்தேகப்பட வேண்டும். கேபிளைப் பிடுங்கிவிட்டு "நோ சிக்னல்" என்று வரும் எழுத்தைப் பார்ப்பதும் இதே சோதனைதான்.

அப்புறம் ஸ்கிரீன்ஷாட். கோணல் தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டு, போனில் திறந்து பாருங்கள். போனிலும் அதே கோணல் இருந்தால் படம் கம்ப்யூட்டருக்குள்ளேயே கெட்டுவிட்டது. கலர் கலராகக் கட்டங்கள், சிதறிய துண்டுகள் தெரிவது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் பகுதியின் சூடோ, நினைவகக் கோளாறோ, டிரைவரோதான். போனில் சுத்தமாகத் தெரிந்தால் குற்றம் அதற்குப் பிறகு வரும் வழியில் இருக்க வாய்ப்பு அதிகம். திரையைப் போன் கேமராவில் படம் பிடித்து அனுப்பி "இதுலயும் தெரியுதுங்களே" என்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. அது ஸ்கிரீன்ஷாட் அல்ல, சாட்சி மட்டும்.

கேபிளைக் கழற்றி ஒரு பார்வை

விஜிஏ தலைக்குள் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசையில் 15 ஊசிகளுக்கான இடம் இருக்கும். நடு வரிசையில் ஒரு ஊசி இல்லாமல் இருந்தால் பதற வேண்டாம். ஒன்பதாம் ஊசியைப் பல கேபிள்களில் வேண்டுமென்றே வைப்பதில்லை. ஆனால் முதல் வரிசையில் ஒன்று வளைந்தோ உள்ளே போயோ இருந்தால், முதல் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்பதால், நிறம் மாறும். நீலம் போனால் வெள்ளைத் தாள் மஞ்சளாகும். சிவப்பு போனால் நீலப்பச்சை. பச்சை போனால் பஞ்சுமிட்டாய் நிறம். கேபிளை ஆட்டினால் நிறம் வந்து வந்து போகிறதா? கேபிளை மாற்றுங்கள், மானிட்டரை அல்ல. திருகைக் கையால் முறுக்கி வைப்பதும் முக்கியம். எங்கள் ஆட்கள் அந்தத் திருகை அலங்காரம் என்று நினைக்கிறார்கள்.

எழுத்துக்கு வலதுபக்கம் மங்கலாக இன்னொரு எழுத்து நிழல்போல் தெரிந்தால், மட்டமான கேபிளிலோ, நீட்டிப்புக் கேபிள் கோத்த இணைப்பிலோ சிக்னல் முட்டித் திரும்பி வந்து தாமதமாகச் சேர்கிறது என்று பொருள். மலையடிவாரத்தில் நின்று கூப்பிட்டால் குரல் திரும்பி வருவதுபோல. எந்தப் பட்டனாலும் இதைத் தீர்க்க முடியாது. குட்டையான, தடித்த ஒரே கேபிள்தான் தீர்வு.

வெளிச்சமும் மங்கலுமாகக் குறுக்குப் பட்டை மேலோ கீழோ ஓடிக்கொண்டே இருந்தால், நொடிக்கு 50 முறை துடிக்கும் கரண்டின் துடிப்பு சிக்னலுக்குள் கசிகிறது. கம்ப்யூட்டர் ஒரு பிளக்கிலும் மானிட்டர் இன்னொரு அறையிலிருந்து இழுத்த ஒயரிலும் ஓடும் இடங்களில் இதைப் பார்க்கலாம். இரண்டையும் எர்த் சரியாக உள்ள ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். "வோல்டேஜ் கம்மி, அதான் படம் சுருங்குது" என்ற பேச்சு பழைய டிவி காலத்தது. எல்சிடியின் பின்பக்கத் தாளைப் படியுங்கள், 100-240 என்று போட்டிருக்கும். அதற்குள் கரண்ட் எப்படி ஆடினாலும் படத்தின் அளவு மாறாது.

இனி, ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் செங்குத்துக் கோடு. மெனுவையும் வெட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் அது பேனல் கோளாறு. கண்ணாடித் திரைக்கும் அதன் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய பட்டைக்கும் நடுவே தொடர்பு விட்டுப்போயிருக்கும். ஓரத்தை அமுக்கினால் மறைகிறது என்று கிளிப் மாட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதம் ஓடும். பேனலை மாற்றும் செலவுக்கு வேறு பழைய மானிட்டரே கிடைத்துவிடும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

பெட்டி மானிட்டர் இன்னும் வைத்திருந்தால்

எலக்ட்ரான் கற்றையை வளைப்பது காந்தம். ஆகவே பக்கத்தில் வேறு காந்தம் வந்தாலும் அது வளையும். ஸ்பீக்கரை ஒட்டி வைத்தால் மூலையில் பச்சை, ஊதா திட்டுகள் விழும். ஸ்டெபிலைசரைப் பக்கத்தில் வைத்தால், நொடிக்கு 60 முறை வரையும் படமும் 50 முறை துடிக்கும் கரண்டும் ஒத்துப்போகாமல், நொடிக்குப் பத்து முறை படம் நடுங்கும். இரண்டையும் நான்கடி தள்ளி வையுங்கள். திட்டு போகாவிட்டால் மெனுவில் "டீகாஸ்" என்று இருக்கும். ஒட்டிய காந்தத்தைக் கழற்றும் வேலை அது. 'டங்' என்ற சத்தத்தோடு படம் குலுங்கி நிற்கும். அடுத்தடுத்து அழுத்தாதீர்கள், உள்ளே உள்ள பாகம் ஆற நேரம் வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கி நிற்கும்.

மண்டிக்குப் போனேன்

மறுநாள் காலை நானே காவேரிப்பட்டணம் போனேன். மண்டி வாசலில் பெங்களூரா மாங்காய் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கணக்கர் மேசையில் அந்த மானிட்டர். மெனுவை அழுத்தினேன், கட்டம் கத்தி மாதிரி கூர்மை. டிஸ்ப்ளே செட்டிங்ஸ் திறந்தால் 1024, 768. அதற்கு மேலே பட்டியலே இல்லை.

"அண்ணா, விண்டோஸ் ஏதாவது மாத்துனீங்களா?"

"போன வாரம் அக்கா பையன் வந்து என்னமோ வேகமா ஓடும்னு புதுசா போட்டுக் குடுத்தான்."

கிராஃபிக்ஸ் டிரைவரை ஏற்றினேன். திரை ஒருமுறை கறுத்து, திரும்ப வந்தபோது 1366. வட்டம் வட்டமானது. ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவில் புள்ளி வந்து உட்கார்ந்தது. கணக்கர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் தம்பி. ஆனா எழுத்து இளைச்சுப் போச்சே. குண்டா இருந்தப்போ கண்ணுக்குச் சுகமா இருந்துச்சு."

எழுத்து பெரிதாக வேண்டும் என்றால் ரெசல்யூஷனைக் குறைக்க வேண்டியதில்லை. அதே டிஸ்ப்ளே செட்டிங்ஸில் "ஸ்கேல்" என்று ஒன்று இருக்கிறது. குழிக் கணக்கை மாற்றாமல், ஒரு எழுத்துக்கு அதிகக் குழி ஒதுக்குவது அது. 125 வைத்துக் கொடுத்தேன்.